திண்ணையும் பள்ளிக்கூடமும்

பாபநாசத்துக்குச் சமீபத்தில், குடமுருட்டிக் கரையோரமாக உள்ள ஒரு கிராமத்தில் நம்முடைய பழைய நண்பர் ஒருவர் வசிக்கிறார். 2022-ம் ஆண்டுக் கோடையில் ஒரு நாள் அவரிடமிருந்து செய்தி வந்தது. "ஒரு விஷயத்தில் தங்கள் யோசனை வேண்டும், அவசியம் வரவேண்டும்" என்று சொல்லியிருந்தார். வரப்புத் தகராறாக இருக்குமோ, வரன் பார்க்கும் விவகாரமாக இருக்குமோ என்று எண்ணிக்கொண்டே போய்ச் சேர்ந்தோம். இரண்டும் இல்லை.

கூடத்தின் நடுவில் இரண்டு பெரிய அட்டைப் பெட்டிகள் இருந்தன. ஒன்றில் வர்ணம் பூசிய மரக் கட்டைகள், மணிகள், எழுத்துத் துண்டுகள். மற்றொன்றில் பயிற்சிப் புத்தகங்கள். எண்ணிப் பார்த்தோம், இருபத்திரண்டு இருந்தன. நண்பருக்குப் புத்தகப் பெட்டியில் நம்பிக்கை. அவருடைய மனைவியாருக்கு மரக் கட்டைப் பெட்டியில் நம்பிக்கை. எந்த முறையில் தங்கள் பெண்ணுக்கு வீட்டில் பாடம் சொல்லிக் கொடுப்பது என்பதில் இருவருக்கும் மூன்று நாளாக வழக்கு. தீர்ப்புச் சொல்ல நம்மை அழைத்திருக்கிறார்கள்!

இது சிரித்துவிட்டுப் போகிற வழக்கு அல்ல என்பது சற்று நேரத்தில் தெரிந்தது. பெண்ணுக்கு எட்டு வயது. முதல் வகுப்பு முடியும் தறுவாயில், 2020 மார்ச்சில், கொரோனா நோயினால் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் சிறு வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ந் தேதி. அதற்குள் இவள் மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். ஒரு நாள் இரவு பாடம் படித்துக் காட்டச் சொன்னபோது, விரலை வைத்துக்கொண்டு கடகடவென்று படித்தாளாம். தகப்பனாருக்குப் பரம சந்தோஷம். ஆனால் குனிந்து பார்த்தால், வாய் நாலாவது வரியில் இருக்கிறது. விரல் ஏழாவது வரியில் இருக்கிறது. மற்றப் பிள்ளைகள் படிப்பதைக் கேட்டு முழுப் பாடத்தையும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள், பாவம்! எழுத்து ஒன்றும் தெரியாது. தெரியாது என்பதை மறைக்க அந்தக் குழந்தை எவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டும் என்று நினைத்துத் தாயார் அன்று இரவு தூங்கவில்லை. ஒரு வருஷம் பெண்ணை வீட்டிலேயே வைத்துக் கற்பிப்பது என்று தீர்மானித்தார்கள். பெட்டிகள் வந்தன, வழக்கும் வந்தது.

நாம் பெண் எங்கே என்று விசாரித்தோம். வாசல் திண்ணையில் பாட்டியோடு பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தாள். "குழிக்கு அஞ்சு, பதினாலு குழி, எழுபது" என்று புளியங்கொட்டையை எண்ணாமலே சொன்னாள். நாலு கொட்டை சேர்ந்த குழியைப் 'பசு' என்று அள்ளிக்கொண்டாள். பாட்டிக்குக் கையெழுத்துப் போட மட்டுந்தான் தெரியும். அவர் நம்மைப் பார்த்து, "ஏன் தம்பி, கொழந்தைக்கு எழுத்துதானே வரல்லே? எண்ணம் வருதே!" என்றார்.

அந்த ஒரு வார்த்தை நம் மனத்தை விட்டு அகலவில்லை. ஊர் திரும்பியபின் இது சம்பந்தமாகப் படித்ததையும் யோசித்ததையும் நேயர்களுக்குச் சொல்லலாம் என்று எண்ணுகிறோம்.

வீட்டுக் கல்வி புதிதல்ல

வீட்டில் வைத்துக் கற்பிப்பது ஏதோ அந்நிய நாட்டிலிருந்து வந்த புது நாகரிகம் என்று பலர் எண்ணுகிறார்கள். 1822-ம் ஆண்டில் சென்னை கவர்னராயிருந்த ஸர் தாமஸ் மன்றோ, மாகாணத்திலுள்ள பள்ளிகளைப் பற்றி விவரம் அனுப்பும்படி எல்லாக் கலெக்டர்களுக்கும் உத்தரவிட்டார். கணக்கு வந்து சேர்ந்தபோது மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தது தெரிந்தது. தஞ்சாவூர் ஜில்லாவில் மட்டும் ஏறக்குறைய 880 பள்ளிகள். அவை தவிர, உயர்ந்த சாஸ்திரங்களைக் கற்பித்த இடங்கள் நூற்றுக்கு மேல்.

இதைக் காட்டிலும் ஆச்சரியமான விவரம் ஒன்று அந்த அறிக்கையில் இருக்கிறது. சென்னைப் பட்டணத்தில் வீட்டிலேயே பாடம் கற்ற பிள்ளைகள் 26 ஆயிரத்துக்கு மேல் என்று கலெக்டர் எழுதியிருந்தார். பள்ளிக்குப் போனவர்களைப் போல் இது ஐந்து மடங்கு! எண்ணிக்கையில் பிழை இருக்கலாம் என்று மன்றோவே சந்தேகித்தார். ஆயினும் பந்துக்களோ தனி உபாத்தியாயரோ வீட்டில் கற்பிக்கும் வழக்கம் தேசம் எங்கும் உண்டு என்பதை அவர் 1826-ம் ஆண்டு மார்ச்சு மாதக் குறிப்பில் ஒப்புக்கொண்டார்.

பெருமையோடு கூடவே குறையையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கணக்கில் பெண் குழந்தைகள் மிகமிகச் சொற்பம். வயலில் நாற்று நட்டவர்களின் பிள்ளைகளுக்குத் திண்ணையில் இடமே கிடையாது. ஆகவே அந்தக் காலம் பொற்காலம், அதற்கே திரும்பிப் போவோம் என்று நாம் சொல்லப் போவதில்லை. அந்தத் திண்ணையில் என்ன சரக்கு இருந்தது, அதில் எது இன்று நம் வீட்டுக்கு உதவும் என்று பார்ப்பதே நம் நோக்கம்.

மணலும் காதும்

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் முதல் பாடப் புத்தகம் மணல். பிள்ளை விரலால் மணலில் எழுத்தை வரைந்துகொண்டே வாயால் அதன் பெயரைச் சொல்லுவான். கண், கை, வாய், காது நாலும் ஒரே எழுத்தைப் பிடித்துக்கொள்ளும். பிழையானால் கையால் தடவிவிட்டால் போயிற்று. சிவப்பு மையால் யாரும் குறுக்கே கோடு போடுவதில்லை. மணலில் கை படிந்த பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். மூத்த பிள்ளையான சட்டாம்பிள்ளை 'முறை' சொல்ல, மற்றவர்கள் கூடவே சொல்லுவார்கள்.

இந்த மணல் கடல் கடந்து போன கதையை நேயர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789-ல் சென்னை எழும்பூரில் ஓர் அநாதை விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். நம் நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, அதையே தம் பள்ளியில் செய்யும்படி உபாத்தியாயர்களிடம் சொன்னார். அவர்கள் இணங்கவில்லை. பெல் பாதிரியார் சளைக்காமல் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே சிறு பிள்ளைகளுக்கு உபாத்தியாயராக நியமித்தார். காரியம் ஜெயமாயிற்று. 1797-ல் லண்டனில் இதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். பின்னர் 'மதராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தில் ஆயிரக் கணக்கான ஏழைப் பிள்ளைகள் படித்தார்கள். நமக்கு அறிவு புகட்ட வந்ததாகச் சொன்னவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு நம் திண்ணையிலிருந்து பாடம் கொண்டு போனார்கள்!

1939-ல் மரியா மாண்டிசோரி அம்மையார் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குத் தம் முறையைக் கற்பித்தார். அவருடைய சாதனங்களில் ஒன்று, சொரசொரப்பான காகிதத்தில் வெட்டி ஒட்டிய எழுத்து. குழந்தை அதன்மேல் விரலை ஓட்டிப் பழகவேண்டும். விரல் வழியாக எழுத்து மனத்தில் ஏறும் என்ற உண்மையை நம் மணலும் அந்தக் காகிதமும் ஒன்றுபோலவே சொல்லுகின்றன. நண்பருடைய மனைவியார் வாங்கிய பெட்டியில் இருந்ததும் இதுதான். ஆற்று மணல் ஒரு தாம்பாளம் நிறைய இருந்தால் அந்தப் பெட்டியில் பாதி வீட்டிலேயே கிடைத்துவிடும்.

பழைய முறையில் ஒரு பெரிய குறையும் உண்டு. அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பல்லாரியில் காம்பெல் என்பவர் கலெக்டராயிருந்தார். அவர் 1823-ல் ரெவினியூ போர்டுக்கு எழுதிய அறிக்கையில், சொற்பச் செலவில் எழுதக் கற்பிப்பதையும், மூத்த பிள்ளைகள் இளையவர்களுக்குக் கற்பிப்பதையும் மிகவும் பாராட்டினார். ஆனால் பிள்ளைகள் அர்த்தம் தெரியாமல் செய்யுள்களைக் கிளிப்பிள்ளை போல ஒப்பிக்கிறார்கள் என்பதையும் எழுதிவைத்தார். காலையில் முதலில் வருகிற பிள்ளையின் கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்களாம். இரண்டாவது பிள்ளைக்குப் பூஜ்யம். மூன்றாவது பிள்ளை முதல் வரிசைக்கிரமமாகப் பிரம்படி!

பிரம்பு இப்போது போய்விட்டது. கிளிப்பிள்ளை போகவில்லை. விரல் ஒரு வரியிலும் வாய் ஒரு வரியிலுமாக இருந்த நம் நண்பரின் பெண் அதற்குச் சாட்சி. வீட்டில் கற்பிக்கத் தொடங்குகிறவர்கள் எந்த முறையைக் கையாண்டாலும், அந்த முறை குழந்தைக்கு அர்த்தத்தைக் கொடுக்கிறதா, ஒலியை மட்டும் கொடுக்கிறதா என்று வாரத்துக்கு ஒரு முறையாவது பரீட்சித்துப் பார்க்கவேண்டும்.

நெல் சொல்லிக் கொடுத்த கணக்கு

எழுத்தில் இருந்த குறை கணக்கில் அவ்வளவாக இல்லை. ஏன் என்றால், காவேரிக் கரையில் கணக்கு என்பது களத்து மேட்டில் கண்ணெதிரே கிடந்தது. திண்ணைப் பள்ளிகளின் எண்சுவடியில் 'பொன்னிலக்கம்' என்ற பகுதியோடு 'நெல்லிலக்கம்' என்ற ஒரு பகுதியும் உண்டு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. எட்டுப் படி ஒரு மரக்கால். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். இரட்டித்துக்கொண்டே போகும் இந்த ஏணியில் ஏறி இறங்கிய பிள்ளைக்குப் பெருக்கலும் வகுத்தலும் தனித்தனிப் பாடங்களாகத் தோன்றியிருக்க முடியாது.

நிலத்தையும் பாருங்கள். தஞ்சை நாட்டில் ஒரு வேலி நிலம் என்பது இருபது மா. ஒரு மா என்பது நூறு குழி. இன்றைக்கும் விவசாயிகள் 'மா' என்ற கணக்கிலேதான் பேசுகிறார்கள். ஒரு மா ஏறக்குறைய 33 சென்ட். தமிழ்ப் பின்ன வாய்பாட்டிலும் 'மா' என்றால் இருபதில் ஒரு பங்கு என்றே பொருள். கால், அரைக்கால், வீசம், மா, காணி என்று பிள்ளை ஒப்பித்த பின்னங்கள் அவன் தகப்பன் நடந்துபோன வயலின் மேல் எழுதியிருந்தன. இந்தப் பள்ளிகளின் கணக்குப் பயிற்சியை ஆராய்ந்து செந்தில் பாபு என்னும் அறிஞர் எழுதிய ஆங்கில நூல் 2022-ல் வெளிவந்தது. அளத்தலும் கூலி கொடுத்தலும் பங்கிடுதலுமாகிய அன்றாட வேலைகளோடு அந்தக் கணக்குக்கு எவ்வளவு நெருங்கிய சம்பந்தம் இருந்தது என்பதை அதில் விரிவாகக் காணலாம்.

படியும் மரக்காலும் 1960-களின் தொடக்கத்தோடு சட்டப்படி ஓய்வு பெற்றுவிட்டன. இப்போது கிலோவும் லிட்டருந்தான். அதனால் என்ன? பரணில் கிடக்கும் உழக்கையும் படியையும் இறக்கிக் குழந்தையின் கையில் கொடுங்கள். ஒரு மரக்காலில் எத்தனை உழக்கு என்று கேளுங்கள். அளந்து பார்த்து முப்பத்திரண்டு என்று சொல்லட்டும். அடுத்த நாள் அளக்காமல் சொல்லட்டும். பிறகு தராசில் வைத்து ஒரு படி அரிசி எத்தனை கிராம் என்று எழுதட்டும். பழைய அளவிலிருந்து புதிய அளவுக்கு மாற்றும்போது தசாம்சக் கணக்கு தானாக வந்து சேரும்.

வாசலில் போடும் கோலமும் அப்படியே. புள்ளி எண்ணுவது, வரிசை குறைப்பது, பாதி வரைந்ததைத் திருப்பி மறுபாதி வரைவது எல்லாம் க்ஷேத்திர கணிதந்தான். சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி முதலிய கணித அறிஞர்கள் 1970-களில் கோலத்தை வைத்துக் கம்ப்யூட்டர் சம்பந்தமான ஆராய்ச்சியே செய்தார்கள். பாட்டி தினமும் காலையில் அந்தப் பாடத்தை வாசலில் எழுதிப் போடுகிறாள். நாம் மிதித்துக்கொண்டு போகிறோம்!

காந்தியடிகள் 1937-ல் வார்தாவில் ஆதாரக் கல்வித் திட்டத்தை வெளியிட்டபோது சொன்ன தத்துவமும் இதுவே. கை செய்யும் தொழிலின் வழியாக அறிவு வளரவேண்டும் என்றார். அவர் ராட்டையைச் சொன்னார். தஞ்சாவூர்க் குழந்தைக்கு மரக்கால் இருக்கிறது.

ஒரு தகப்பனார் செய்த தியாகம்

சாமான்கள் சேர்ந்துவிட்டால் போதுமா? சொல்லிக் கொடுப்பவர் யார்? இந்தக் கேள்விக்கு நம் ஜில்லாவிலேயே ஒரு மகத்தான விடை இருக்கிறது.

பாபநாசத்துக்கு அருகிலுள்ள உத்தமதானபுரத்தைச் சேர்ந்த வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். ராமாயணப் பிரசங்கம் செய்து ஜீவனம் நடத்தியவர். 1855-ல் அவருக்கு ஒரு பிள்ளை பிறந்தான். பிள்ளை சங்கீதம் கற்கவேண்டும் என்பது தகப்பனாரின் ஆசை. வடமொழி படித்தால் மறுமைக்கு ஆகும், ஆங்கிலம் படித்தால் இம்மைக்கு ஆகும் என்று யோசனை சொல்லச் சுற்றத்தார் இருந்தார்கள். பிள்ளையின் மனமோ தமிழில் போய்ப் பதிந்துவிட்டது.

தகப்பனாருக்குத் தமிழ் இலக்கணம் கற்பிக்கும் சக்தி இல்லை. அது தமக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதுதான் அவருடைய பெருமை. தமிழ் கற்பிப்பவர் எங்கே இருக்கிறார் என்று விசாரித்துக் குடும்பத்தோடு அவ்வூருக்குப் போவார். கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூர், குன்னம், கார்குடி என்று ஊர் ஊராகக் குடித்தனம் மாறிற்று. ஓர் ஆசிரியர் தமக்குத் தெரிந்ததைச் சொல்லி முடித்ததும், அடுத்த ஆசிரியரைத் தேடி மூட்டை கட்டுவார்கள். கடைசியில் 1871-ல் பிள்ளையை மாயூரத்துக்கு அழைத்துச் சென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஒப்படைத்தார்.

மாயூரத்தில் அப்போது நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரும் இருந்தார். தகப்பனார் சொற்படி பிள்ளை அவரிடம் சங்கீதமும் கற்கலானான். இரண்டிலும் மனம் சென்றால் இலக்கியத்தில் கருத்து ஊன்றாது என்று மகாவித்துவான் கருதியதை அறிந்ததும் சங்கீதப் பாடம் நின்றது. சங்கீதமே உயிரான தகப்பனாருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம். அந்தப் பிள்ளைதான் பின்னால் மகாமகோபாத்தியாய சாமிநாதையராகி, 1887-ல் சீவக சிந்தாமணியையும், 1889-ல் பத்துப்பாட்டையும், 1892-ல் சிலப்பதிகாரத்தையும், 1894-ல் புறநானூற்றையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார்.

எல்லாப் பிள்ளைகளும் அவ்வாறு ஆகமாட்டார்கள், ஆகவேண்டியதும் இல்லை. ஆனால் வீட்டில் கற்பிக்கும் பெற்றோர் எல்லாரும் அந்தத் தகப்பனாரிடம் மூன்று பாடங்கள் கற்கலாம். பிள்ளையின் நாட்டம் எது என்று கவனித்தல் ஒன்று. தம்மால் ஆகாததை ஒப்புக்கொள்ளுதல் இரண்டு. ஆகக்கூடியவரைத் தேடி வாசற்படி தாண்டுதல் மூன்று. வீட்டுக் கல்வி என்பது வீட்டுக்குள் முடிந்துவிடும் கல்வி அல்ல.

வீடு சிறையாகக் கூடாது

வாசற்படி தாண்டாத கல்வி எப்படி முடியும் என்பதற்குத் தஞ்சாவூர் அரண்மனையே உதாரணம். துளஜா மகாராஜாவின் சுவீகார புத்திரரான சரபோஜி சிறு பையனாயிருந்தபோது, சிற்றப்பா அமர்சிங் ஆட்சியில், அரண்மனைக்குள்ளேயே அடைத்துவைக்கப்பட்டிருந்தார். படிப்புக்குச் சரியான ஏற்பாடு கிடையாது. சுவார்ட்ஸ் பாதிரியார் இடைவிடாமல் முறையிட்டதன்மேல் 1793-ல் சென்னைக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவருக்கு முறையான கல்வி கிடைத்தது. 1798-ல் பட்டத்துக்கு வந்தபின் அவர் செய்த காரியங்கள் உலகம் அறிந்தவை. சரஸ்வதி மகால் புத்தகசாலையைப் பெருக்கினார், பள்ளிகள் ஏற்படுத்தினார், அரண்மனையில் அச்சுக்கூடம் வைத்து ஈசாப் கதைகளை மராத்தியில் அச்சிடச் செய்தார். படிப்புக்கு ஏங்கிய ஒரு பையன் ராஜாவானால் என்ன செய்வான் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

செல்லம் கொடுத்துக் கெடுக்கிற வீடும் உண்டு. மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை 1879-ல் வெளியிட்ட 'பிரதாப முதலியார் சரித்திரம்' என்ற நாவலில், வீட்டிலேயே உபாத்தியாயர் வைத்துப் பையனைப் படிக்க வைக்கிறார்கள். அவன் பிழை செய்தால் அவனை அடிக்கலாகாது. பக்கத்திலிருக்கும் ஏழைப் பையனை அடிக்கவேண்டும்! நாம் படித்துச் சிரிக்கிறோம். ஆனால் பிழையின் பலன் தன்னைத் தீண்டாதபடி வளர்க்கப்படும் பிள்ளைகள் இன்று இல்லையா? ஒத்த வயதுப் பிள்ளைகளோடு சண்டை போட்டு, தோற்று, சமாதானமாகிற கல்வியை எந்தத் தகப்பனும் கூடத்தில் உட்கார்ந்து கொடுக்க முடியாது.

புத்தகம் பொறுக்குவது எப்படி?

நண்பருடைய இருபத்திரண்டு புத்தகங்களுக்கு வருவோம். கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜனுக்கு, பதினாறு வயது ஆகும் சமயத்தில், கார் என்ற ஆசிரியர் தொகுத்த கணிதப் புத்தகம் ஒன்று கிடைத்தது. அதில் ஆயிரக் கணக்கான விதிகள் இருந்தன. நிரூபணங்களோ பெரும்பாலும் பெயரளவுக்குத்தான். காரணத்தைத் தானே கண்டுபிடிக்கவேண்டிய அவசியம் அந்த இளைஞனை மேதையாக்கிற்று. ஆனால் அதே புத்தகத்தில் மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டதால், கும்பகோணம் காலேஜில் கிடைத்த உபகாரச் சம்பளம் பறிபோயிற்று. ஒரே புத்தகம் ஒருவனைத் தூக்கிவிடவும் செய்தது; தள்ளிவிடவும் செய்தது. ஆகவே புத்தகத்தின் எண்ணிக்கையில் ஒன்றும் இல்லை. அது குழந்தைக்கு எவ்வளவு வேலை மிச்சம் வைக்கிறது என்று பார்க்க வேண்டும். எல்லா விடையையும் தானே சொல்லிவிடுகிற புத்தகம் பயன்படாது. ஒன்றும் சொல்லாமல் கட்டங்களை மட்டும் நிரப்பச் சொல்லுகிற புத்தகமும் பயன்படாது.

எழுத்துக் கற்பிக்க ஆதாரமாக அரசாங்கப் பாடநூலே போதும். தமிழ்நாடு பாடநூல் கழகம் அதை இணையத்தில் இலவசமாகவே கொடுக்கிறது. எழுத்துக்கள் மொத்தம் 247 என்று குழந்தையை மிரட்ட வேண்டாம். ட, ப, ம என்று எளிதாக எழுத வருகிற மூன்று எழுத்தையும், மேலே வைக்கும் புள்ளியையும் கற்றவுடன் படம், மடம், பட்டம், மட்டம் என்று படிக்கத் தொடங்கிவிடலாம். முதல் நாளே அர்த்தமுள்ள வார்த்தை வாயில் வந்தால், மறுநாள் குழந்தை தானே வந்து உட்காருகிறது. பிறகு துணையெழுத்து, கொம்பு, கால் ஒவ்வொன்றாக. பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் ஊர்ப் பெயரும், மளிகைக் கடைப் பலகையும், கல்யாணப் பத்திரிகையும் இலவச வாசகங்கள். பெரியவர்கள் காலத்துப் புத்தகத்தை எடுத்தால் 'லை', 'னை' முதலிய எழுத்துக்கள் வேறு வடிவில் இருக்கும். 1978-ல் அரசாங்கம் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றதற்கு முந்தி அச்சானவை அவை. அதைக் காட்டி, எழுத்துக்கும் சரித்திரம் உண்டு என்று சொல்லலாம். கொஞ்சம் படிக்க வந்தபின் பெரியசாமித் தூரன் பதிப்பித்த 'குழந்தைகள் கலைக்களஞ்சியம்' பத்துத் தொகுதிகள் இருக்கின்றன. நூலகத்தில் ஒரு தொகுதியை விரித்துக் குழந்தையை விட்டுவிட்டு, நாம் சற்று ஒதுங்கி உட்கார்ந்திருப்பதே நல்ல பாடம்.

நேரம் எவ்வளவு? எட்டு வயதுக்குக் காலையில் ஒரு மணி, சாயங்காலம் ஒரு மணி. இதற்கு மேல் கூடாது என்பது நம் அபிப்பிராயம். மீதி நேரம் குழந்தை கேள்வி கேட்கிற நேரம். ஜூன் மாதம் மேட்டூரில் தண்ணீர் திறந்தால் நம்மூர் வாய்க்காலுக்கு எத்தனை நாளில் வருகிறது, குறுவைக்கும் சம்பாவுக்கும் எத்தனை நாள் வித்தியாசம் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் அவளே எழுதிவரட்டும். பூகோளமும் விஞ்ஞானமும் அங்கே ஆரம்பமாகும்.

சட்ட விஷயத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காதவர்களுக்குத் தண்டனை எதுவும் அதில் விதிக்கப்படவில்லை. இடையில் நின்ற குழந்தையை வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்லுகிறது. பதினான்கு வயது ஆனவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் மூலம் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதலாம். எனவே வீட்டில் வைத்தால் கதவு அடைபட்டுவிடும் என்று பயப்பட வேண்டாம். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று தெரியாமல் வீட்டில் வைக்கவும் வேண்டாம்.

தீர்ப்பு

இவற்றையெல்லாம் ஒரு நீண்ட கடிதமாக நண்பருக்கு எழுதினோம். தீர்ப்பு சுருக்கமானது: "இரண்டு பெட்டிகளையும் மூடி வையுங்கள். கணக்குக்கு உங்கள் தாயார், எழுத்துக்கு மணலும் மூன்று எழுத்தும், தோழமைக்குத் தெரு."

தெருவில் ஒரு நல்ல வாய்ப்பும் காத்திருந்தது. தமிழ்நாடு அரசாங்கம் 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தின் கீழ், அவ்வூரில் பட்டதாரிப் பெண் ஒருத்தி மாலை வேளையில் தன் வீட்டுத் திண்ணையில் இருபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆட்டமும் பாட்டுமாகப் பாடம் நடத்திவந்தாள். நண்பரின் பெண்ணும் அங்கே ஓர் ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். வேண்டாம் என்று அந்தப் பெண் சொல்லவில்லை. இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் பலருக்குச் சாத்தியிருந்த திண்ணை இப்போது எல்லாத் தெருப் பிள்ளைகளுக்கும் திறந்திருப்பதை நண்பர் எழுதியபோது நமக்கு மிகுந்த திருப்தி உண்டாயிற்று.

வழி நேராக இருந்தது என்று சொல்லமாட்டோம். முதல் இரண்டு மாதம் பெண் புத்தகத்தைக் கண்டாலே ஒளிந்துகொண்டாள். தகப்பனாருக்குப் பொறுமை போய்விட்டது; ஒரு நாள் அதட்டியும் விட்டார். ஒரு வாரம் பாடமே நடக்கவில்லை. அதற்குப் பின் அவர் எழுத்துப் பாடத்தை மனைவியாரிடம் ஒப்படைத்துவிட்டுக் கதை படித்துக் காட்டும் வேலையை மட்டும் வைத்துக்கொண்டார். தமக்கு எது வராது என்று தெரிந்துகொண்ட தகப்பனார்கள் வரிசையில் அவரும் சேர்ந்துவிட்டார்!

2023 ஜூனில் அவளை ஊரிலுள்ள பஞ்சாயத்து யூனியன் பள்ளியில், வயதுக்கு ஏற்றபடி ஐந்தாம் வகுப்பில் சேர்த்தார்கள். வகுத்தல் கணக்கு இன்னும் தடுமாறுகிறது என்று ஆசிரியை சொன்னாராம். படிப்பதில் குறை இல்லை.

அந்த வருஷம் ஆடிப் பெருக்குக்கு நாம் போயிருந்தோம். திண்ணையில் தாம்பாளத்தில் மணல் பரப்பியிருந்தது. வர்ணம் பூசிய மணிகள் பல்லாங்குழியில் புளியங்கொட்டைக்குப் பதிலாக உட்கார்ந்திருந்தன. பெண் மணலில் ஓர் எழுத்தை எழுதி, "சொல்லு, பாட்டி" என்றாள். எழுபது வயது மாணவி விரலை அதன்மேல் மெல்ல ஓட்டி, "ப... ட்... ட... ம். பட்டம்" என்றார்.

விரலும் வாயும் ஒரே வரியில் இருந்தன.